தாத்தாவின் இரட்டைக்குழலும் மச்சானின் பெசன்ட்டும்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் இருக்கும் மச்சான் போன வாரம் கூப்பிட்டான். அக்டோபரில் பெசன்ட் என்ற கோழி இனக் காட்டுப்பறவையை வேட்டையாடப் போகிறானாம். "என்ன துப்பாக்கி, என்ன தோட்டான்னு தாத்தாகிட்ட கேளு மாப்பிள்ளை" என்றான்.

உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவிடம் 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன் கௌதாரியும் காட்டுக்கோழியும் சுட்டவர். இப்போது தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பதோடு சரி.

பெசன்ட் படத்தைக் காட்டினேன். "காட்டுக்கோழிக்குப் பங்காளிடா. கனமான சேவல். 12 போரே போதும், 5ஆம் நம்பர் ரவை போடச் சொல்லு." ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன குண்டுகள்; நம்பர் ஏற ஏற அது சிறுக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முதல் குண்டு கிட்டத்தில் எழும்பும் பறவைக்கு. அதனால் வலது குழலின் வாய் சற்று அகலம். ரவை சீக்கிரம் விரியும். தப்பித்துத் தூரம் போனால் இடது குழல். அதன் வாய் இறுக்கம்.

அங்கே நீர்ப்பறவைகளுக்காக ஒதுக்கிய மத்திய அரசு நிலங்களில் ஈய ரவை கூடாது, எஃகு மாதிரி நச்சில்லாத ரவைதான் என்றதும் தாத்தா முகம் சுளித்தார். சிதறிய ஈயத்தை வாத்துகள் விழுங்கிச் சாகின்றன என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எஃகு லேசு, வேகம் சட்டுன்னு குறையும். அப்ப 3ஆம் நம்பர் போடச் சொல்லு" என்றார்.

அதற்குள் கடலைக்காட்டில் மயில் அகவியது. அதுவும் பெசன்ட் குடும்பம்தான். தாத்தா எழுந்துபோய்க் கையைத் தட்டி விரட்டினார்.