ஒருவழியாக ஐடிலிங் வந்துவிட்டது

நேற்று சாயங்காலம் த்ராட்டிலிலிருந்து கையை எடுத்தேன். வண்டி அணையவில்லை. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கராஜ் கதவைத் திறந்து வைத்து, டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதமாக இதற்குத்தான் இத்தனை பாடு.

வண்டி 1969 பிஎஸ்ஏ தண்டர்போல்ட், பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். 654 சிசி, இரட்டை சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது; சுருக்கமாக கார்ப்). பர்மிங்காமில் இருந்துகொண்டு பிஎஸ்ஏ வாங்காமல் வேறு எதை வாங்குவது? அதன் தொழிற்சாலை இருந்த ஸ்மால் ஹீத், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்தான். இரட்டைக் கார்ப் வைத்த லைட்னிங் மாடல்தான் அழகு என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டையும் சமமாக ட்யூன் செய்து மாளாது என்று ஒற்றைக் கார்ப் வண்டியை எடுத்தேன். அந்த ஒன்றே என்னை இந்தப் பாடு படுத்தியது.

கோளாறு இதுதான். டிக்ளரை (கார்ப்பில் பெட்ரோலை நிரப்பும் பொத்தான்) அமுக்கி, பெட்ரோல் விரலில் வழிந்ததும் உதைத்தால் இரண்டாவது கிக்கில் கிளம்பும். த்ராட்டிலைத் திறந்தே வைத்திருந்தால் ஜோராக ஓடும். மூடினால் உடனே அணையும். ஓடும்போது த்ராட்டிலை மூடினால் சைலன்ஸரில் பட்பட்டென்று வெடி. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் த்ராட்டிலை முறுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். பக்கத்துக் கார்க்காரர்கள் நான் ரேஸுக்குக் கூப்பிடுவதாக நினைத்திருப்பார்கள்.

முதலில் இக்னிஷன்மேல் சந்தேகம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்த தீப்பொறி டைமிங் 34 டிகிரி, எல்லாம் சரியாகவே இருந்தது. டேப்பட்டும் (வால்வு இடைவெளி) பார்த்தாயிற்று. இரண்டு வார இறுதி போயிற்று. அடுத்து காற்றுக் கசிவு. என்னுடையதைப் போல அமால் கான்சென்ட்ரிக் கார்ப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நட்டைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கினால் ஃபிளாஞ்ச் (இன்ஜினோடு சேரும் முகம்) வில்லாக வளைந்துவிடும். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தி, புது ஓ-ரிங் போட்டேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் பைலட் ஜெட்டுக்கு வந்தேன். த்ராட்டில் மூடியிருக்கும்போது பெட்ரோல் போகிற சின்ன வழி அது. இந்தக் கார்ப்பில் அது கழற்றி மாட்டும் ஜெட் இல்லை. பைலட் ஸ்க்ரூ போகிற துளையின் அடியாழத்தில் இறுக்கி அடித்த ஒரு சின்ன புஷ் (உலோக வளையம்). அதன் நடுவே 0.016 அங்குல ஓட்டை, அதாவது 0.4 மில்லிமீட்டர். கழற்றவும் முடியாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. பெட்ரோல் மாதக்கணக்கில் நின்று காய்ந்தால் அங்கேதான் பச்சையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். இந்த வண்டியை எனக்கு விற்றவர் இரண்டு குளிர்காலம் பெட்ரோலை வடிக்காமலே போட்டு வைத்திருந்தார். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் வேறு. இப்போது காசு போனால் போகிறதென்று எத்தனால் குறைந்த சூப்பர்தான் போடுகிறேன்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். போன மாதமே ஒரு கடையில் அல்ட்ராசோனிக் கழுவலுக்குக் கொடுத்து வாங்கினேன், 40 பவுண்ட். கார்ப் வெள்ளிப் பாத்திரம்போல் மின்னியபடி திரும்பி வந்தது. அதைப் பார்த்து, பைலட் வழி சுத்தம் என்று நானும் நம்பி உட்கார்ந்திருந்தேன். வெளியே மின்னி என்ன பயன்?

அந்த ஓட்டைக்குள் 78 நம்பர் ட்ரில் பிட் கச்சிதமாகப் போகும். ஆனால் அது முறிந்து உள்ளே சிக்கினால் கார்ப் குப்பைக்குத்தான். கிடார் கம்பி போதும் என்பது இங்கே பழகிய வைத்தியம். எங்கள் வீட்டில் கிடார் இல்லை, வீணை இருக்கிறது. மனைவியின் உபரிக் கம்பிச் சுருளை மைக்ரோமீட்டரில் வைத்தேன், 0.33 மில்லிமீட்டர். ஒரு சாண் வெட்டினேன். (கேட்டுவிட்டுத்தான். கேட்டது வெட்டிய பிறகு.)

நுனியை எண்ணெய்க் கல்லில் உரசிப் பிசிறு எடுத்தேன். கம்பியைப் பின் வைஸில் (மெல்லிய கம்பியைப் பிடிக்கும் கைக்கருவி) பிடித்து, பைலட் ஸ்க்ரூ துளை வழியாக விட்டேன். முதல் பத்துத் தடவை புஷ்ஷின் விளிம்பில்தான் முட்டியது. அது உலோகத்தில் முட்டுவது, கிண்ணென்று விரலுக்குத் தெரியும். பதினோராவதோ பன்னிரண்டாவதோ தடவை கொஞ்சம் மெத்தென்று முட்டியது. அழுத்தாமல், இரண்டு விரலால் உருட்டினேன். உருட்டி எடுத்து, க்ளீனர் அடித்து, மறுபடி உருட்டி. ஒரு கால்மணி நேரம் கழித்து சட்டென்று கம்பி அரை அங்குலம் உள்ளே ஓடியது. வெளியே இழுத்தபோது நுனியில் களிம்பு மாதிரி பச்சை மாவு.

க்ளீனர் குழாயை அதே துளையில் வைத்து அடித்தேன். கார்ப்பின் வாய்க்குள், ஸ்லைடு (த்ராட்டிலோடு ஏறி இறங்கும் பாகம்) விளிம்பை ஒட்டியிருக்கும் இரண்டு ஊசித் துளைகளிலும் நூல் நூலாகப் பீய்ச்சியது. அதுவரை ஒன்றில் மட்டும் லேசாகக் கசிந்துகொண்டிருந்ததை நான் ‘சுத்தம்’ என்று நினைத்திருக்கிறேன்.

மாட்டி, ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, இன்ஜின் சூடானதும் கால் சுற்று திருத்தினேன். அடுத்த தெருப் பெரியவர் எட்டிப் பார்த்தார். இவரும் பழைய பிஎஸ்ஏ ஆள். “இப்பத்தான் வண்டி மாதிரி சத்தம் வருது, பாப்” என்றார். பாப் என்றால் பாப்பா இல்லை, இந்த ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஸ்லைடும் தேய்ந்திருக்கிறது, ஆட்டினால் கிடுகிடுக்கிறது. அமால் இப்போது சால்ஸ்பரியில் பர்லன் கம்பெனியிடம் இருக்கிறது. அவர்களுடைய பிரீமியர் கார்ப்பில் கெட்டிப்படுத்திய அலுமினிய ஸ்லைடு, பைலட் ஜெட்டையும் கழற்றலாம். நூறு பவுண்டுக்கு மேலே. வாங்கலாம்தான், ஆனால் வீணைக் கம்பியில் ஜெயித்த பிறகு மனசு வரவில்லை. ஸ்டாஃபோர்ட் பழைய பைக் கண்காட்சியில் பழைய சாமான் கடைகளைத் துழாவிவிட்டு முடிவு செய்கிறேன். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனர் செட்டில் காணாமல்போன கால் அங்குலமும் அங்கேதான் தேட வேண்டும். அதில் கால் என்பது போல்ட்டின் அளவு, ஸ்பேனர் வாயின் அளவு இல்லை என்பதை நான் இரண்டு நட்டை மழுக்கிய பிறகே கற்றேன்.

அதைவிடப் பெரிய பயம் டைமிங் பக்கத்து மெயின் புஷ், கிராங்க் சுழலும் பேரிங். இந்த இன்ஜினின் தீராத வியாதி. அது தேய்ந்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) போகிற எண்ணெய் குறைந்து, ஒரு நாள் கனெக்டிங் ராடு கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பழைய சொந்தக்காரர் மாற்றிவிட்டதாகச் சொன்னார், பில் இல்லை. முதலில் எண்ணெய் பிரஷர் கேஜ் ஒன்று மாட்டிப் பார்க்கப்போகிறேன்.

கழற்றி வைத்த பெட்ரோல் டேங்க் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. நேற்று வண்டி ஓடியது, உத்தரத்தில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தொங்கவிட்ட அரை லிட்டர் பெட்ரோலில்.