கல் நடாத எல்லை

வேலூர் பக்கம் நில அளவர் வேலை என்றால் பாதி நாள் அளப்பது, மீதி நாள் சண்டை கேட்பது. கணியம்பாடி தாண்டி கம்மவான்பேட்டைப் பக்கம் போனால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பட்டாளத்துக்குப் போனவர் இல்லாத தெரு அங்கே கிடையாது. வரப்பை வெட்டிக் கல் தேடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு லடாக், தவாங் என்று ஏறிவிடும்.

ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த அரை ஏக்கர் கொல்லைக்கு மூலைக்கு மூலை கல் போட்டிருக்கீங்க. நாங்க பனியில காவல் காத்த எடத்துல ஒரு கல்லுகூட இல்லையே, ஏன்?"

நியாயமான கேள்வி. என் தொழில் கண்ணால் பார்த்தால், இந்தியா-சீனா எல்லையில் முதலில் உறுத்துவது வரைபடத்தின் அளவுகோல்தான். எங்கள் புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் வரையும் நில அளவைப் படம்) பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000. 1914-இல் பிரிட்டிஷ் இந்தியா, திபெத், சீனா மூன்றும் கூடிய சிம்லா மாநாட்டை ஒட்டி, கிழக்கே திபெத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே மக்மஹோன் கோடு போட்ட வரைபடத்தில் ஓர் அங்குலம் எட்டு மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் அரை கிலோமீட்டர் அகலம்! இங்கே அரை அடிக்கு வெட்டுக்குத்து நடக்கிறது.

அந்தக் கோட்டை அந்த மார்ச்சில் கடிதம் மூலம் ஒப்புக்கொண்டவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் மக்மஹோனும் திபெத்தின் லோன்சென் ஷாத்ராவும். மாநாட்டு வரைவில் சீனப் பிரதிநிதி இவான் சென் சுருக்கொப்பம் இட்டார், பீக்கிங் அரசு அதை ஏற்கவில்லை. அன்றைக்குச் சீனாவின் முக்கியச் சண்டை இந்தக் கோட்டைப் பற்றியதே அல்ல, உள் திபெத், வெளித் திபெத் என்று பிரித்த இன்னொரு கோட்டைப் பற்றியது. திபெத்துக்குத் தனியாகக் கையெழுத்துப் போட உரிமை உண்டா என்பதில்தான் கிழக்குப் பகுதி வழக்கு இன்றும் நிற்கிறது. பட்டா யார் பேரில் என்று தெரியாமல் எல்லை பேசுகிற கதை.

அப்புறம் தவாங் பக்கம், அந்தக் கோட்டின் மேற்கு முனையில் இருக்கும் தாக்லா முகடு. நீர்ப்பிரி முகடுதான் (மழைநீர் இருபுறமும் பிரிந்து ஓடும் மலையுச்சி) எல்லை என்பது கோட்டின் நோக்கம் என்று இந்தியா சொன்னது. ஆனால் வரைபடத்துக் கோடு முகட்டுக்குச் சில மைல் தெற்கே விழுந்திருந்தது. படத்தைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா? இங்கே ஓடையை எல்லையாக எழுதி, படத்தில் ஓடை வேறிடத்தில் இருந்தால் எங்களுக்கும் இதே தலைவலிதான். நான் தரை பக்கம் சாய்பவன். 1962 ஜூனில் முகட்டுக்குத் தெற்கே தோலா காவல்சாவடி போடப்பட்டது. அக்டோபர் 20 அன்று அங்கே நாம்கா சூ ஆற்றங்கரையில்தான் சீனாவின் பெருந்தாக்குதல் விழுந்தது.

மேற்கில் கதை இன்னும் மோசம். 1865-இல் சர்வே ஆஃப் இந்தியாவின் ஜான்சன் லடாக்குக்கு வடக்கே கோத்தான் வரை போய்வந்து, லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் சமவெளியைக் காஷ்மீருக்குள் வைத்து வரைந்தார். 1899-இல் பிரிட்டிஷார் அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கும் வேறொரு கோட்டைச் சீனாவுக்கு எழுதிக் கேட்டார்கள். பதிலே வரவில்லை. பக்கத்துப் பட்டாதாரர் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வராவிட்டாலும் நாங்கள் அளந்து கல் போட்டுவிடுவோம், பிடிக்காதவர் மேல்முறையீட்டுக்குப் போகட்டும். இரண்டு நாட்டுக்கு மேலே எந்தத் தாசில்தார்?

1950 இந்திய வரைபடத்தில் அந்தப் பகுதி எல்லை வரையறுக்கப்படாதது என்றே இருந்தது. 1954-இல் உறுதியான கோடு வந்தது. உரிமை நம் பக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், எதிராளியை வைத்துக்கொண்டு அளக்காமல் பதிவேட்டைத் திருத்தினால் என்ன ஆகும் என்று எந்த சர்வேயருக்கும் தெரியும். அதே 1950-களில் சீனா யாருக்கும் சொல்லாமல் அந்தச் சமவெளி வழியாகச் சாலை போட்டு, 1957-இல் முடித்தது. சொல்லாமல் செய்ததில் இரு தரப்பும் குறைந்தவர்கள் இல்லை. சுபேதாரிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "ரோடு போட்டவனும் படம் போட்டவனும் ஒண்ணா?" என்றார். அவர் நின்ற இடத்தில் நான் நின்றதில்லை, வாதாடவில்லை.

2003 முதல் இரு நாட்டுச் சிறப்புப் பிரதிநிதிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உண்மைக் கட்டுப்பாட்டுக் கோடு, அதாவது நடைமுறையில் இரு தரப்பு ஆளுகையையும் பிரிக்கும் கோடு, எது என்று காட்டும் வரைபடங்களை 2000-இல் நடுப்பகுதிக்கு மட்டும்தான் பரிமாறிக்கொண்டார்கள். மேற்குப் பகுதிக்கு 2002-இல் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஸ்கெட்சே கைமாறவில்லை என்றால் அளவுச் சங்கிலியைப் பிரிப்பதில் அர்த்தமில்லை.