காற்று தின்ற பாய்

இன்று என் மாதிரிக் கப்பலின் நடுப்பாயைக் கிழித்தேன்.

கத்தரிக்கோலால் வெட்டியபோது அது வெறும் துணியாகவே இருந்தது. ஊசிமுனையால் நூல்களை ஒவ்வொன்றாக உருவி, தேநீரில் ஊறவைத்து, நீர்த்த பசை தடவிக் காயவைத்த பிறகுதான் காற்று தின்ற பாயாக மாறியது.

பாயின் விளிம்பில் கயிறு வைத்துத் தைப்பார்கள். அது கடைசிவரை தாங்கும். அதனால் விளிம்பைத் தொடவில்லை.

1872 டிசம்பரில் அட்லாண்டிக்கில் மேரி செலஸ்ட் என்ற பாய்மரக் கப்பலைக் கண்டபோது சில பாய்களே இல்லை. கயிறுகள் பக்கவாட்டில் தொங்கின. புறப்பட்ட 10 பேரில் ஒருவரும் இல்லை. அவர்களில் 2 வயதுக் குழந்தையும் உண்டு.

பாய்மரத்துக்கு ஏறும் கயிற்றேணியில் ஒரேயொரு படியை அவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறேன், கடைசியாக அதில் கால்வைத்தவரை நினைத்துக்கொண்டே.