ஜிம்முக்குப் போவதில் பலன் இருக்கிறதா? நான் அளந்து பார்த்த விதம்

மஞ்சக்குப்பத்தில் நான் போகும் ஜிம்மில் பலனுக்கு அடையாளம் இரண்டுதான். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்ட வேண்டும். மறுநாள் படி இறங்கும்போது தொடை பிடிக்க வேண்டும். கடலூர்ப் புழுக்கத்துக்குச் சும்மா நின்றாலே முதலாவது நடந்துவிடும். வலியோ, பழகாத எந்தப் பயிற்சி செய்தாலும் வரும், பழகினால் போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் காசும் நேரமும் போட்டுச் செய்கிறோம், எண்ணாக ஏதாவது கண்ணில் தெரியட்டும் என்று ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் சிக்கல் ராடு, அதாவது எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பி. ஒலிம்பிக் ராடு என்றால் 20 கிலோ. எங்கள் ஜிம்மில் இருப்பது அது இல்லை. மாஸ்டரைக் கேட்டால், "பதினஞ்சு இருக்கும் சார்" என்றார். எடை மெஷினில் தனியாக ஏறினேன், 71. ராடைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், 83. ஆக, 12 கிலோ. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த இன்னொன்று 10 தான். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கனமானதன் நுனியில் சிவப்பு டேப் சுற்றிவிட்டேன், எப்போதும் அதைத்தான் எடுக்கிறேன்.

அடுத்தது சப்போர்ட். பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் மூச்சு முட்டும் நேரம் பார்த்து மாஸ்டர் தலைமாட்டில் வந்து நிற்பார். "இன்னொண்ணு சார், இன்னொண்ணு" என்று ராடுக்கு அடியில் இரண்டு விரல் கொடுப்பார். "சும்மா தொட்டேன், நீங்கதான் தூக்குனீங்க" என்பார். அந்த விரல் தூக்கியது இரண்டு கிலோவா, பத்து கிலோவா, யாருக்குத் தெரியும்? விரல் பட்ட கவுண்ட் (ஒரு தடவை தூக்கினால் ஒரு கவுண்ட்) நோட்டில் ஏறாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் ஏமாற்றுவது நாமேதான். எடை ஏற ஏற உட்காரும் ஆழம் குறையும். பின்னால் குட்டையான பெஞ்சைப் போட்டு, அதைத் தொட்டு எழுந்தால்தான் ஒன்று.

ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையை நேராகச் சோதிக்க என் தோள் சம்மதிக்காது. அதற்கு எப்லி சூத்திரம் இருக்கிறது: கவுண்டை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். தொடக்கத்தில் பெஞ்ச் பிரஸ் 42 கிலோவில் 5 கவுண்ட், அதாவது 49. பிறகு அதே எடையில் 10 கவுண்ட் வந்தது, 56. எடையைக் கூட்டி 47 கிலோ போட்டபோது 6 கவுண்ட்தான். கணக்குப் போட்டால் 56.4. மூன்று செட்டில் (நடுவில் நிறுத்தாமல் தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) தூக்கிய மொத்த எடையைப் பார்த்தால் 1,260 கிலோவிலிருந்து 846-க்கு இறங்கியிருக்கும். அதை மட்டும் பார்த்திருந்தால் பலம் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன். ஒரு விஷயம்: பத்து கவுண்டுக்கு மேல் போனால் இந்தச் சூத்திரத்தை அவ்வளவாக நம்ப முடியாது.

இன்ச் டேப் ரொம்ப நாள் அசையவே இல்லை. அது இயல்புதான். முதல் சில வாரங்களில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. தசை பருப்பது மெதுவாகத்தான். என் புஜத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. காலையில், சாப்பிடுவதற்கு முன், கையைத் தளர்த்தி, டேப் அந்த மச்சத்தின் மேல் ஓடும்படி அளப்பேன். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் ரத்தம் ஏறி ஊதியிருக்கும், சந்தோஷத்துக்கு வேண்டுமானால் அளந்துகொள்ளலாம்.

கத்திரி வெயிலில் எல்லா எண்ணும் இறங்கின. ஓரத்தில் 'கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை' என்று எழுதியிருந்ததால் பதறவில்லை. அப்புறம் விடியற்காலைக்கு மாறிக்கொண்டேன். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வு, செல்போனில் நேரம் பார்த்து. அரட்டையில் அது ஆறு நிமிடமானால் அடுத்த செட் தானாக நன்றாக வரும்.

தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முதுகும் தொடையும் தயாராக இருக்கும்போதே வியர்த்த கையிலிருந்து ராடு நழுவுகிறது. அப்படியானால் நான் எழுதுவது முதுகின் பலமா, பிடியின் பலமா? வெறுங்கையில் ஒரு செட், ஸ்ட்ராப் (கையை ராடோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை) கட்டி ஒரு செட் என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதி வருகிறேன். இப்போதைக்கு ஸ்ட்ராப் கட்டினால் மூன்று கவுண்ட் கூடுதலாக வருகிறது.