கருப்பருக்கு நேர்ந்து விட்ட சேவல்

சேவல் வளர்க்க வேண்டும் என்று நினைத்து யாரும் சேவல் வளர்ப்பதில்லை. முட்டைக்காக நாலு பெட்டைக்கோழி வாங்குவோம், ஒன்று அடையில் உட்காரும், இருபத்தோரு நாளில் பொரிக்கும், பொரித்ததில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும், அதற்கு அப்புறம்தான் வீட்டில் சண்டை ஆரம்பிக்கும். கோழிகளுக்குள் மட்டும் இல்லை, நமக்குள்ளும்தான்.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். வீடு சின்னதுதான், ஆனால் ஒட்டினாற்போல் ஒரு பெரிய செட்டியார் வீடு பூட்டிக் கிடக்கிறது, முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கல்யாணம், காட்சி என்றால்தான் திறப்பார்கள். அதன் பின்கட்டில் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டதால் எங்கள் கோழிகள் விடிந்தால் அங்கேதான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒன்றும் சொல்வதில்லை, மாதத்துக்கு ஒரு தடவை முட்டை கொடுத்தால் சரி. தீவனத்துக்கும் பெரிய செலவு இல்லை. புதுவயலில் அவ்வளவு அரிசி மில் இருக்கும்போது குருணைக்கும் தவிட்டுக்கும் என்ன பஞ்சம்?

பிரச்சினை செவலையால் வந்தது. தம்பிக்கு சிங்கப்பூர் விசா இழுத்துக்கொண்டே போனபோது அப்பத்தா கருப்பருக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டது. சாமிக்கு என்றால் நல்லதாகத்தானே கொடுக்க வேண்டும்? இருந்த குஞ்சுகளிலேயே நெஞ்சு அகலமாக, நிமிர்ந்து நின்ற செவலையை அப்போதே பொறுக்கி எடுத்துவிட்டது. விசா வந்தது, தம்பியும் போய்விட்டான், படைப்பு மட்டும் மாசியில்தான். அதுவரைக்கும் செவலையை விற்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. அப்பத்தா சட்டப்படி விரட்டக்கூடக் கூடாது. "சாமிக்கு விட்டதைக் குச்சியைக் காட்டி மிரட்டுறியே, கை வெளங்குமா?"

சேவலுக்கு ரோசம் வருவது அஞ்சாறு மாதத்தில். அதுவரை காலைச் சுற்றி வந்த குஞ்சு திடீரென்று ஒரு நாள் நம்மை எதிராளியாகப் பார்க்கும். செவலை நேராக வராது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி தொங்கவிட்டு, எதையோ கொத்தித் தின்பதுபோலப் பாவனை செய்துகொண்டே பக்கத்தில் வரும். அங்கே தரையில் ஒன்றும் இருக்காது, வெறும் செம்மண். கழுத்து மயிர் மட்டும் குடை மாதிரி விரியும். அதைக் கவனிக்காமல் நாம் திரும்பினால் முடிந்தது, இரண்டு காலையும் முன்னால் நீட்டிப் பாயும். அக்கா மகன் கெண்டைக்காலில் கால்முள் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. சிலிண்டர் போடுகிற தம்பி எங்கள் வீட்டுக்கு மட்டும் வாசலில் இருந்தே குரல் கொடுப்பார்.

இப்படிப் பாய்கிற சேவலை உதைக்கக் கூடாது. உதைத்தால், சரி, இவனும் சண்டைக்குத் தயார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், மறுநாள் இன்னும் கெட்டியாக வரும். ஓடினால் அதைவிட மோசம், ஜெயித்துவிட்டோம் என்று அதற்குத் தெரிந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்று, முடிந்தால் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டைகள் பார்க்கப் பார்க்க வளவைச் சுற்றி வர வேண்டும். திமிறும், அப்புறம் அடங்கும். பகலில் பிடிக்க முடியாவிட்டால் இருட்டிய பிறகு பிடிக்கலாம், கண் தெரியாது என்பதால் கூட்டில் எந்தச் சேவலும் பொம்மைதான். கால்முள் நுனியை மழுக்குவதற்கும் அதுதான் நேரம். நுனியை மட்டும்தான், உள்ளே சதை இருக்கிறது, ரத்தம் வரும். இதையெல்லாம் அப்பத்தா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

அதே அடையில் பொரித்ததுதான் சாம்பல். ஒரே தாய், வளர்ப்பும் ஒன்றுதான், குணத்தில் மட்டும் சம்பந்தமே இல்லை. கரையான் புற்றுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து உடைத்துப் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். சாம்பல் ஒரு கரையானைக் கொத்தி எடுக்கும், கீழே போடும், திரும்ப எடுக்கும், 'டுக் டுக் டுக்' என்று அடித்தொண்டையில் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெட்டை வந்து தின்கிற வரைக்கும் தான் விழுங்காது. செவலையும் இதே சத்தம் கொடுக்கும், ஆனால் பாதி நேரம் அலகில் ஒன்றும் இருக்காது. நம்பி ஓடி வருகிற பெட்டையின் மேல் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடும். பெட்டைகள் ஏமாளிகள் இல்லை. கொஞ்ச நாளில் செவலை கூப்பிட்டால் தலையைக்கூடத் திருப்பவில்லை, சாம்பல் கூப்பிட்டால் மட்டும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின.

ஆனால் பருந்து வந்தால் செவலையை அடிக்க ஆள் கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும். மேலே நிழல் ஆடினால் மெல்லிசாக, இழுத்து ஒரு சத்தம். தாயும் குஞ்சுமாக எல்லாம் செடிக்கடியில் பம்மிவிடும். கீரியோ நாயோ தரையில் வந்தால் அது வேறு சத்தம், விட்டு விட்டு 'கொக் கொக் கொக்' என்று ஊரைக் கூட்டும். பின்கட்டில் தானியம் பொறுக்க வருகிற மயிலுக்குச் சாம்பல் வழி விட்டு ஒதுங்கும். செவலையோ தன்னைப்போல் நாலு பங்கு இருக்கிற ஆண் மயிலின் எதிரே போய்க் கழுத்தை விரித்து நின்றது. மயில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. செவலை அதை வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கூவியது.

கூவுவதைப் பற்றி ஒன்று. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2013ல் எழுதினார்கள், வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்பதில்லை, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று. அப்புறம் 2015ல் இன்னொன்று: ஒரு கூட்டத்தில் விடியலில் முதலில் கூவுகிற உரிமை தலைவனுக்குத்தான், மற்றவை தங்கள் வரிசைப்படி காத்திருந்து கூவும், தலைவனை எடுத்துவிட்டால் இரண்டாவது இருப்பது ஆரம்பித்து வைக்கும். எங்கள் வீட்டில் அப்படியேதான். முதலில் செவலை, அப்புறம் சாம்பல், கடைசியில் குட்டையன் என்கிற சிறுவிடைச் சேவல், அதுவும் பாதியில் தொண்டை உடைந்து. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மலேசியா உறவுக்காரர்கள் இதை ரசிக்கவில்லை. வெற்று வளவுக்குள் சேவல் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்பது அங்கே படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாசியில் படைப்பு நடந்தது, செவலை போய்ச் சேர்ந்தது. கறி கொஞ்சம் முரடு, முற்றின சேவல் ஆயிற்றே, நேரம் எடுத்துத்தான் வெந்தது. குழம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனிமேல் நிம்மதி என்றுதான் இருந்தோம். மறுநாளே சாம்பல் முதல் ஆளாகக் கூவியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த வாரத்துக்குள்ளேயே அது குட்டையனைச் சுவரோரம் மடக்கிக் கொண்டையைக் கிழித்தது, தண்ணீர் வைக்கப் போன என் வாளியைப் பார்த்துக் கழுத்தை விரித்தது. சாதுச் சேவல் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே சாம்பல்தான். குணம் பிறவியிலேயே வருவது என்று சொல்கிறவர்கள் ஒரு கூட்டத்தில் தலைமைச் சேவலை எடுத்துவிட்டுப் பார்க்கட்டும். இரண்டாவது இடத்தில் இருந்தவரை சாம்பலுக்குக் கோபத்தைக் காட்ட இடமில்லை, அவ்வளவுதான். ஆனாலும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது: மிரட்டும், பாயாது, வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றால் ஒரு நிமிஷத்தில் திரும்பிப் போய்விடும். பெட்டைகளுக்கு இன்னும் ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் பரம்பரையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கோபக்கார அப்பனுக்குக் கோபக்காரக் குஞ்சு பிறப்பதை இங்கே கோழி வைத்திருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருப்புவனம் செவ்வாய்ச் சந்தையில் நின்று கவனித்தால், சேவல் வாங்குகிறவர் எடையைத் தூக்கிப் பார்ப்பார், நெஞ்சைத் தடவுவார், காலைப் பிடித்துப் பார்ப்பார், நிறம் கேட்பார். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நாமே நல்ல தோரணையான சேவலைத்தான் இனத்துக்கு என்று நிறுத்துகிறோம், தோரணையானது பெரும்பாலும் முரடாக இருக்கிறது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் நிறுத்தினால் பெட்டைகளின் முதுகில் மயிர் நிற்காது. அந்த ஒன்றைக் கொண்டையையும் வாலையும் பார்த்து எடுக்காமல், தீனி போடும்போது அது என்ன செய்கிறது என்று பார்த்து எடுங்கள். முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே வேண்டாம், அது இல்லாமலும் பெட்டை முட்டை இடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

இப்போது அடையில் இருப்பது சாம்பலின் முட்டைகள். பொரித்து ஒன்றரை இரண்டு மாதம் போனால் கொண்டையைப் பார்த்து ஆண் எது என்று சொல்லிவிடலாம், குணம் தெரிய இன்னும் கொஞ்ச மாதம் ஆகும். அதற்குள் அப்பத்தா முந்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை. தம்பிக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தத் தடவை நேர்ந்துகொள்வதாக இருந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொள் என்று சொல்லிப் பார்த்தேன். "கருப்பருக்கு நீயே போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அப்பத்தா குருணை புடைக்கப் போய்விட்டது.