போர்வை இழந்த பனியாறுகள்: 2022 கோடைக் குறிப்புகள்

ஜூன் 20, பெர்ன், சுவிட்சர்லாந்து

ஜூன் மாதத்திலேயே வெயில் கொளுத்துகிறது. எனக்கோ மலைமேல் இருக்கும் பனியைப் பற்றித்தான் கவலை. இந்தக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸில் பனி குறைவாகவே பொழிந்தது. போதாததற்கு, மார்ச்சில் சகாராப் புழுதி காற்றோடு வந்து அதன்மேல் படிந்தது. புதுப்பனி, தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். புழுதி படிந்த பனிக்கு அந்தத் திராணி கிடையாது. அது உருகித் தீர்ந்ததும் அடியிலுள்ள பழைய பனிக்கட்டி சாம்பல் நிறத்தில் வெளியே தெரியும். விழும் ஒளியில் பாதிக்கு மேல் அதற்குள் போய்விடும். கோடை முழுக்க மிச்சமிருக்கிறது, பழைய பனிக்கட்டியைக் காக்கும் பனிப்போர்வையோ இப்போதே கிழிந்துவிட்டது.

ஜூலை 10

போன ஞாயிற்றுக்கிழமை இத்தாலியின் மர்மோலாடாவில் பனியாற்றின் ஒரு பகுதி பிளந்து மலையேறிகள்மேல் சரிந்தது. 11 பேர் இறந்துவிட்டார்கள். முந்தைய நாள் உச்சியில் 10 டிகிரி வெப்பம் பதிவாகியிருந்தது. உருகிய நீர் வெடிப்புகளில் இறங்கித் தேங்கி, பனிக்கட்டியை உள்ளிருந்தே நெம்பியிருக்கும் என்கிறார்கள். இன்று வேறெதுவும் எழுத மனம் வரவில்லை.

ஜூலை 26

சுவிஸ் ஊரான பயேர்னிலிருந்து பறக்கவிட்ட வானிலை பலூன், பூஜ்ஜிய டிகிரியை 5,184 மீட்டர் உயரத்தில்தான் கண்டிருக்கிறது. 1995இல் பதிவான 5,117 மீட்டர் சாதனை முறிந்தது. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளாங்க் சிகரமே 4,810 மீட்டரை எட்டாது. அதாவது, நேற்று இந்த மலைத்தொடரின் எந்த உச்சியிலும் உறையும் குளிர்காற்று இல்லை. இரவில் மேற்பரப்பு உறைந்தால், மறுநாள் வெயில் முதலில் அந்த உறைவைக் கரைக்க வேண்டும். பனியாற்றுக்குச் சில மணி நேர அவகாசம் கிடைக்கும். அதுவும் இப்போது பறிபோகிறது.

ஆகஸ்ட் 14, ரோன் பனியாறு

ஃபுர்கா கணவாய்ச் சாலையில், மூடிக்கிடக்கும் பெல்வெடேர் ஹோட்டல் அருகே பஸ்ஸை விட்டு இறங்கினேன். 19ஆம் நூற்றாண்டில் கீழே கிளெட்ச் என்ற ஊர் வரை இறங்கியிருந்த பனியாறு இது. இப்போது அதன் முனையில் ஓர் ஏரி. அதையொட்டிக் குடைந்த பனிக்குகையைக் காப்பாற்ற, மேலே வெள்ளைத் துணிகளைப் போர்த்தியிருக்கிறார்கள். துணி அழுக்கேறி, ஓரங்கள் கிழிந்து தொங்குகின்றன. போர்த்திய இடம் மேடாக நிற்கிறது. போர்த்தாத இடம் அதைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. துணி உருகலைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் சுமார் 1,400 பனியாறுகள் இருக்கின்றன. எத்தனைக்குப் போர்த்துவது?

குனிந்து பார்த்தேன். பனிக்கட்டி முழுக்க விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். ஒவ்வொன்றின் அடியிலும் கரிய வண்டல், மேலே தெளிந்த நீர். கருந்தூசி வெயிலை வாங்கித் தனக்குக் கீழே உள்ள பனியைத் துளைத்துக்கொண்டே இறங்குகிறது. காதை வைத்தால் எங்கும் நீரோட்டச் சத்தம். எனக்கு அழுகை வந்தது, மறைக்க விரும்பவில்லை.

செப்டம்பர் 28

கணக்கு வந்துவிட்டது. சுவிஸ் பனியாறுகள் ஒரே ஆண்டில் சுமார் 3 கன கிலோமீட்டர் பனிக்கட்டியை, மிச்சமிருந்ததில் 6 சதவீதத்துக்கு மேல், இழந்துவிட்டன. இதுவரை 2 சதவீத இழப்பையே மிகக் கடுமையான ஆண்டு என்று சொல்லி வந்தார்கள். கோர்வாட்ச் உள்ளிட்ட மூன்று சிறு பனியாறுகளில் அளவெடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம்; அளப்பதற்கு அங்கே பனிக்கட்டி அநேகமாக இல்லை. வரும் குளிர்காலப் பனியின் ஆழத்தை வசந்தத்தில் அளப்பார்கள். அந்த எண்ணை இங்கே எழுதுவேன்.