நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்தோம்

"குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததுண்டா?" என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர் கேட்டபோது, என் அக்கா சற்றும் யோசிக்காமல் "யாருக்கும் இல்லை" என்றார். அருகில் அமர்ந்திருந்த நானும் பேசாமல் இருந்தேன்.

அக்கா மகனுக்கு 26 வயது. பெல்லந்தூரில் மென்பொருள் வேலை. மனச்சோர்வுக்கு ஓராண்டாக எடுத்துவந்த மாத்திரைகள் பலன் தராததால், கைபேசியில் படித்த செய்திகளை நம்பி, நண்பர்கள் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த போதைக் காளானை உண்டிருக்கிறான். அதன் மயக்கம் பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். இவனோ நான்கு இரவுகள் உறங்காமல், தனக்கு அருள்வாக்கு வந்துவிட்டதென்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

அவன் படித்தவை பொய்யல்ல. மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு கொண்ட 233 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், காளானிலுள்ள சைலோசிபினை ஒரே முறை 25 மில்லிகிராம் பெற்றவர்கள், 1 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் மூன்றே வாரங்களில் தெளிவாகத் தேறினார்கள். ஆனால் பன்னிரண்டாம் வாரத்தில் அந்த வேறுபாடு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கலாம். இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இதைத் தடை செய்கிறது. அந்த ஆய்வுகளில் மருந்தின் அளவு துல்லியமாகத் தெரியும். பயிற்சி பெற்றவர் கடைசிவரை அருகில் இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ பைபோலார் (அளவுகடந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) அல்லது மனச்சிதைவு இருந்தால், பல ஆய்வுகளில் அவர்களைச் சேர்ப்பதே இல்லை. மருத்துவர் எங்களிடம் கேட்ட அதே கேள்விதான் அங்கே முதல் வாசல்.

எங்கள் பெரியண்ணனுக்கு பைபோலார் இருந்தது. திருச்சியில் அதை நாங்கள் நரம்புத் தளர்ச்சி என்றே சொல்லி வந்தோம். மனநோய் தீர வேண்டி குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைத்தோம். பிறகு ரகசியமாக மருத்துவமும் பார்த்தோம். தாய்மாமனின் நோய் என்னவென்று இந்தப் பிள்ளைக்கு யாருமே சொன்னதில்லை. தெரிந்திருந்தால் அவன் காளானைத் தொட்டிருக்க மாட்டான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு இருந்தது, அதை மறைத்தவர்கள் நாங்கள்.

அன்று மாலையே மருத்துவரைத் தனியே பார்த்து எல்லாவற்றையும் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினார். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுக்கும்போது காளான் உண்டவர்களுக்கு வலிப்பு வந்த பதிவுகள் இருப்பதால், இனி காளானை நெருங்கவே கூடாது என்று அவனிடம் பொறுமையாக விளக்கினார். பிறகு, மாமாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்று கேட்டார். நெருங்கிய உறவினருக்கு லித்தியம் நன்றாக வேலை செய்திருந்தால், இவனுக்கும் அது பலிக்கக் கூடுமாம்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு திருச்சிக்குத் தொலைபேசியில் அழைத்து, பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கி அண்ணனின் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடச் சொன்னார்.